வெள்ளிக்கிழமை திறக்கும் பெட்டி

ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனியில்
பெண்கள் கழிவறைக்குப் போகும் வழியில்
ஆணியடித்து மாட்டியிருக்கிறார்கள்
பிஸ்கட் டப்பா அளவுக்கு ஒரு புகார்ப் பெட்டி.
சாவி என்னிடம்.
தாலிக்கயிற்றில், ஊக்குகளோடு.
குனிந்தால் மெஷினில் இடிக்கும்.
அந்தச் சத்தத்துக்கு
மூன்றாவது லைன் மொத்தமும் தலைதூக்கும்.

கமிட்டியில் என்னை எதற்குப் போட்டார்களோ.
பத்தாவது பாஸ்,
வாய் நீளமில்லை,
யார் வீட்டுச் சாவுக்கும் போய் நிற்பேன்.
வேறென்ன தகுதி.

ஷிப்ட் முடிந்து திறந்தேன்.
சாம்பாரில் உப்பில்லை.
மின்னூர் ஸ்டாப்பில் கம்பெனி பஸ் நிற்பதில்லை.
ஒரு மிட்டாய்த் தாள்.
அதற்கடியில் லைனிங் வெட்டின மிச்சம்,
உள்ளங்கையளவு ஆட்டுத்தோல்,
சொரசொரப்பான பக்கத்தில் மார்க்கிங் பேனா எழுத்து:
"முனிரத்தினம் சார் தையல் பார்க்கிற சாக்கில்
கையைப் பிடிக்கிறார். தினமும்.
பேர் போட பயமா இருக்கு."

முனிரத்தினம்.
வேலூரில் என் மகனுக்குக் காலேஜ் பணம் கட்ட
வட்டியில்லாமல் இருபதாயிரம் தந்தவர்.
பாலாற்றில் தண்ணீர் வந்த வருஷம்
முழங்கால் சேற்றில் எங்கள் தெருவுக்குப்
பால் பாக்கெட் சுமந்த கை.
அதே கையா, வேறு கையா என்று
ராத்திரி முழுக்கப் புரண்டேன்.
ஒரே கைதான்.
விடிவதற்குள் அது தெரிந்துவிட்டது,
தெரிந்தது பிடிக்கவில்லை.

கமிட்டி மேஜையில் தோலை வைத்தேன்,
கடனையும் சொன்னேன்.
கேள்வியை நூருன்னிசா கேட்கட்டும் என்றேன்.
அவரோ என்னைத்தான் பார்த்தார்:
"இன்னாம்மா, நீயுமா?"
விசாரணை முடியும்வரை குடோனுக்கு மாற்றினார்கள்.
முடியவில்லை இன்னும்.

நான் வாய் திறக்கவில்லை.
காலி நாற்காலி திறந்துவிட்டது.
திங்கட்கிழமை கேன்டீனில்
ரசம் வருவதற்குள் தீர்ப்பு வந்தது, இரண்டு தீர்ப்பு.
ஒரு பெஞ்சில் அவர் தங்கம்.
ஒரு பெஞ்சில் அவரை நடுரோட்டில் நிறுத்தணும்.
இரண்டு பெஞ்சும் சேர்ந்து கேட்டது ஒன்றுதான்:
"எழுதினது யாரு?"

சீட்டுப் பணம் எழுதும் நோட்டைப் பிரித்து
கையெழுத்து ஒத்துப் பார்த்து
சகாயமேரி என்றார்கள்.

அவள் இல்லை.
அவளுடைய 'ற' எனக்குத் தெரியும்,
கொக்கி போட்டு இழுப்பாள்.
இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லலாம்.
சொன்னால் அடுத்த பேரோடு வருவார்கள்,
அதற்கும் இல்லை என்பேன்,
அதற்கடுத்த பேருக்கு என் வாய் நிற்கும் இடத்தில்
அந்தப் பெண் நிற்பாள்.
அதனால் சொல்லவில்லை.

பஸ்ஸில் சகாயமேரி பக்கத்து சீட் காலி.
நான்கு நாள் பார்த்தேன்.
ஐந்தாம் நாள் போய் உட்கார்ந்தேன்.
'பாத்தியா, அவதான்' என்று
அதையும் பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.
அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
துத்திப்பட்டு வரை
தோல் ஷாப் காற்று மட்டும் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை
பெட்டியில் ஒரே ஒரு தாள்.
கோடு போட்டது, நான்காக மடித்தது,
கீழே முழுப் பேர்:
"நான் எழுதாததுக்கு என்னை ஒதுக்குகிறார்கள்.
தெரிந்தும் சும்மா இருக்கிறவர் மேல் என் புகார்."
ஒவ்வொரு 'ற'விலும் கொக்கி.

காரணம் என்னிடம் இருந்தது, நல்ல காரணம்.
முனிரத்தினத்திடமும்
பால் பாக்கெட் இருந்ததே.

ரிஜிஸ்டரைப் பிரித்தேன். எண் பதினேழு.
யார் மேல் என்ற கட்டத்தில்
என் பேரை நானே எழுதினேன்.
இனிஷியலை மறந்து, பிறகு நுழைத்தேன்.
ஊக்கைத் திறந்து
சாவியை நூருன்னிசா கையில் வைத்தேன்.

இப்போது குனிந்தால் சத்தமில்லை.
இருந்தாலும் மூன்றாவது லைனில்
ஒருத்தி தலைதூக்குகிறாள், தினமும்.
யாரென்று சொல்லமாட்டேன்.