ஒரே புள்ளி

என் பெயர் தொலைபேசியில் வந்தது.
தம்மாமில் வாப்பா காசு போட்டுப் போட்டுப் பேச,
பரங்கிப்பேட்டை எஸ்.டி.டி. பூத்தில்
ஒரு காதைப் பொத்திக்கொண்டு மாமா கேட்டார்.
நடுவில் அத்தனை இரைச்சல்.
ஹாரி வரைக்கும் சரி.
கடைசி எழுத்துக்கு வாப்பாவின் நாக்கு
பல்லைத் தாண்டி எட்டிப் பார்த்ததா
உள்ளேயே இருந்துகொண்டதா
யார் கண்டது.

மாமா சொல்ல, பேரூராட்சி எழுத்தர்
ஹாரிஸ் என்று எழுதி
தலையில் ஒரு புள்ளி வைத்தார்.

முப்பத்து நாலு வயசில்
மகளை மதரசாவில் சேர்க்கப் போனேன்.
என்னைவிட இளைய ஹஜ்ரத், பாரத்தை அரபியில் நிரப்புகிறவர்,
பேனாவைத் தூக்கிக்கொண்டு கேட்டார்:
"எந்த ஹாரிஸ்?"

இரண்டு இருக்கிறதாம்.
ஒன்று உழவன்.
அடியில் படகு, மேலே மூன்று புள்ளி,
கவிழாமல் உட்கார்ந்திருக்கும் மூன்று பேர் மாதிரி.
மற்றது காவல்காரன்.
மூன்று பல், ஒரு கிண்ணம்,
புள்ளியே கிடையாது.
உழவனுக்கு ஏன் படகு என்று நான் கேட்கவில்லை.
"உழவன்னா விசேஷம்.
பேர்கள்லயே மெய்யானதுன்னு ஹதீஸ் இருக்கு.
உங்க வாப்பாவைக் கேட்டுச் சொல்லுங்க."

வாப்பாவை தம்மாமிலேயே அடக்கியாயிற்று.
மாமாவைக் கேட்டேன்.
"ஹாரிஸ்னுதானே சொன்னான்" என்றார்.
அவருடைய பல்செட் வழியாக
மூன்றாவதாய் ஓர் எழுத்து வந்தது.

எங்கள் வகையறாவில் ஏர் தொட்டவர் இல்லை.
உப்பு, கருவாடு, கப்பல், அப்புறம் விசா.
ஒட்டகமும் எண்ணெயும் உள்ள ஊரில் நின்றுகொண்டு
ஒரு மனுஷன் ஏன் உழவனை நினைக்கவேண்டும்?
நினைத்தால்தான் என்ன?

எனக்கு கடலூர் சிப்காட்டில் ராத்திரி ஷிப்ட்,
இரண்டாம் கேட்.
சூப்பர்வைசருக்கு நான் ஹரி.
லாரிக்காரர்கள் ஹாரனை அமுக்கிக்கொண்டு
"வாட்ச்மேன்! யோவ் வாட்ச்மேன்!" என்பார்கள்.
பெயரின் அர்த்தத்தைச் சொல்லியே கூப்பிடப்படுகிறவன்
இந்த ஜில்லாவில் எத்தனை பேர் இருப்பான்?
தடுப்புக் கம்பியைத் தூக்கும்போதெல்லாம்
சந்தேகம் தீர்ந்த மாதிரி இருக்கும்.

ஐப்பசியில் நாலு நாள் விடாமல் பெய்தது.
ஐந்தாம் நாள் எடைமேடை ஓரம்
நாலு நாலாய் இலை விட்டு
ஒரு மல்லாட்டைச் செடி.
தார்ப்பாய் கிழிந்த லாரியில் சிந்தியதோ,
இங்கே கொல்லை இருந்த காலத்தில் தப்பிக் கிடந்ததோ.
இதையும் யாரிடம் போய்க் கேட்பது.

லத்தி நுனியால் அடிமண்ணைக் கிளறிவிட்டேன்.
குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து
நிரப்பாத பாரம் எட்டிப் பார்த்தது.
உள்ளே தள்ளினேன்.

நாலரைக்கு ஆறு லாரி வரும்.
டயர் ஏறிவிடக் கூடாதென்று
சுற்றி அடுக்கக் கல் தேடினேன்.
டார்ச் அடித்துக் காம்பவுண்டு முழுக்கத் தேடியும்
மூன்று செங்கல்தான் கிடைத்தது.