சரி, சரி

முதலில் நாளிதழ் கொடுத்தேன், பத்து வருடத்துக்கு.
பிறகு கோவில் அறிவிப்புகள், பள்ளி ஆண்டு மலர்கள்,
ஒரு மருந்துக் கடையின் துண்டறிக்கை.
நிரலுக்குத் தமிழ் தெரியாது.
எங்கள் பிளாட்டின் நேப்பாளக் காவலாளி மாதிரி அது:
ஒருவர் பெயரும் தெரியாது,
யார் யாரோடு லிஃப்டில் ஏறுகிறார்கள் என்று மட்டும் தெரியும்.
ஒரே ஆட்களோடு ஏறி இறங்கும் இருவரை
ஒரே பொருள் என்று நோட்டில் குறித்துக்கொள்ளும்.

அதனால் வெயிலுக்கு இணை மழை என்றது.
ஏற்றமும் இறக்கமும் இரட்டைப் பிள்ளைகள் என்றது.
எதிர்ச்சொல் கேட்டால் திணறும்.
சாம்பாருக்குச் சட்னி என்று ஒரு நாள் துணிந்து சொன்னது.
பாயான் லெப்பாஸில், இரவுப் பணி இடைவேளையில்,
ஹபிசுடினிடம் சொல்லிச் சிரித்தேன்.
"எங்க கடையில டாலுக்கு எதிரி கறி.
ரெண்டையும் கலந்து ஊத்தச் சொல்லு, அதான் ருசி" என்றான்.

அச்சில் வந்த தமிழ் போதவில்லை.
வீட்டில் பேசுவதை யார் அச்சடிக்கிறார்கள்?
என் கைப்பேசியில் இருந்தது.
யுகேந்திரனும் நானும், ஆறு வருடம்,
பதினோராயிரத்துச் சொச்சம் வரிகள்.
கடைசி வரி தைப்பூசத்துக்கு மறுநாள்.
சுத்தம் செய்தேன். மஞ்சள் மூஞ்சிகள், தேதிகள்,
காற்புள்ளி, முற்றுப்புள்ளி, எல்லாம் போனது.
யார் சொன்னது என்று மட்டும்
ஒவ்வொரு சொல்லின் வாலிலும் ஒரு சீட்டு ஒட்டினேன்.

பசியாறியாச்சா என்று தட்டினேன், அவன் சீட்டோடு.
இணைச்சொல்: மன்னிச்சிரு, என் சீட்டோடு.
நெருக்கம், பூச்சியம் புள்ளி ஒன்பது ஒன்று.

பழுது என்று நினைத்து
சுத்தம் செய்யாத மூலத்தைத் திறந்தேன்.
மன்னிச்சிரு என்று அவன் ஒரு தடவைகூட எழுதியதில்லை.
சண்டைக்கு மறுநாள்,
நான் அதை எழுதியிருந்த மாதிரி இடங்களில் எல்லாம்,
காலை ஏழு, ஏழரைக்கு, அவன்:
பசியாறியாச்சா.
நானும் பதில் போட்டிருக்கிறேன்,
நாசி லெமாக், ரெண்டு வெள்ளி ஐம்பது காசு என்று விலையோடு.

அவனுடைய சரிக்கு எதிர்ச்சொல் கேட்டேன்.
சரி, என்றது. என்னுடையது.
ரொம்ப நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவன் எழுதியது வெறும் சரி.
என் சரிக்குப் பின்னால் எப்போதும் ஒரு முற்றுப்புள்ளி.
அதைத்தான் தூசி என்று துடைத்திருக்கிறேன்.

பணி முடிந்து ஃபெரி.
பட்டர்வொர்த்துக்காரியான எனக்கு அக்கரை என்பது தீவு.
ஜெலுத்தோங்கில் அறை எடுத்துப் போனவனுக்கு
அக்கரை இப்போது என் சமையலறை.
மலாய்க்காரர்கள் எங்கள் கரைக்கு
எதிர்ப்பக்கம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள், செபெராங்.
யாருக்கு எதிர் என்று ஒருவரும் கேட்பதில்லை.
கடல் பாதி ஆனதும்
இக்கரையும் அக்கரையும் இடம் மாறிக்கொள்ளும்.
எந்த நொடியில் என்று நிரலுக்குத் தெரியாது.
தினமும் போகிறேன், எனக்கும் தெரியாது.

ஏழு பத்துக்கு எழுதினேன்.
முற்றுப்புள்ளி வைத்தேன். எடுத்தேன்.
பசியாறியாச்சா

இரண்டு கோடும் நீலமாகின.
பக்கத்தில் ஒருத்தன் மோட்டார் சைக்கிள் மேலேயே
உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.
அவன் ஹெல்மெட்டின் மேல் வெயில் ஏறும் வரை
ஒன்றும் வரவில்லை.
பிறகு வந்தது:
இன்னும் இல்ல நீ எங்க இருக்க

நடுவுல, என்றேன்.

எதுக்கு நடுவுல

அதற்குள் படகு மெதுவாக முட்டியது.
கயிற்றை வீசினார்கள்.
எல்லா மோட்டார் சைக்கிளும் ஒரே நேரத்தில் உறுமின.