நாற்பது தப்படி

வோரு நகருக்குத் தெற்கே, செப்டம்பர் ஞாயிறு.
எங்கள் இருவருக்கும் பேருந்து ஓட்டாத நாள்.
அம்பு நுனியில் கூரில்லை, ரப்பர்க் குமிழ்தான்.
குறியை அடித்தவன் அடுத்த குறியைச் சொல்லலாம்,
அவ்வளவே சட்டம்.

"அந்த உளுத்த கட்டை" என்கிறான் ஹெல்துர்,
"நம் டிப்போ மேலாளர் மாதிரியே குந்தியிருக்கிறது பார்."
சொத்தென்று ஒரு சத்தம்.
மேலாளரிடமிருந்து கொஞ்சம் மரத்தூள் பறக்கிறது.
நாய் போய் மோந்துவிட்டுக்
காலைத் தூக்குகிறது.

அப்புறம் ஒரு காளான். ஒரு பைன் காய்.
பாசிமேட்டில் விழுந்துகிடந்த
ஒற்றை மஞ்சள் பிர்ச் இலையை, நாற்பது தப்படியில்,
நான் கேட்டிருக்கக் கூடாது.
நாணை விட்ட பிறகும் இலை அங்கேயே இருந்தது.
அம்புதான் எங்கேயும் இல்லை.

மண்டியிட்டுத் தேடினோம்.
பாசிக்குள் கைவிட்டால் முழங்கைவரை ஈரம்.
லிங்கன்பெர்ரி கிடைத்தது, தின்றோம்.
யாரோ எப்போதோ தொலைத்த அம்பு ஒன்றும் கிடைத்தது,
இறகு உதிர்ந்து, நாண்வாய் பிளந்து.
என்னுடையது இல்லை.

திங்கள் காலை, ஐந்தேகால் வண்டி.
மூடுபனியில் நிறுத்தக் கம்பம் தெரிந்ததும்
நாற்பது, என்கிறது வாய் தானாக. முப்பது.
ஏற ஆளில்லை.
இருந்தாலும் நிறுத்தினேன்,
கம்பத்துக்கு நேரே.