பழைய எண் 14, புதிய எண் 31

கொருக்குப்பேட்டை கேட் சாத்திவிட்டார்கள்.
எண்ணெய் டாங்கர் வண்டி.
ஐம்பத்திரண்டு வரை எண்ணி, விட்டுவிட்டேன்.
ஷேர் ஆட்டோவில் என் பக்கத்து இருக்கையைக்
காலியாகவே வைத்திருக்கிறார்கள்.
என் மேல் மீன் வாடை.

நாங்கள் செய்வது டிஜிட்டல் தராசு.
மீனுக்கும் பழைய இரும்புக்கும் ஆட்டுத்தோலுக்கும்
ஒரே இயங்குதளம் என்று விளம்பரம் சொல்லும்.
மூடியைத் திறந்தால் நாற்பத்தொரு வகை போர்டு.
தைவானில் செய்தது,
அதைப் பார்த்து வேறெங்கோ செய்தது,
சிப் கிடைக்காத வருடம் கைக்குக் கிடைத்தது,
முதலாளி கோதண்டபாணி பர்மா பஜாரில் பேரம் பேசி
சாக்கில் கட்டி வந்தது.
அதற்குப் பெயரில்லை.
நிரலிலும் அது ‘மூட்டை’தான்.

ஒவ்வொரு போர்டும் வந்த அன்று
யாரோ பக்கத்து ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து
இரண்டு வரி மாற்றிவிட்டு
வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.
நானும் போயிருக்கிறேன்,
வர்தா அடித்த வாரம், மின்சாரம் போவதற்குள்.

ஒரு பிழைக்கு நாற்பத்தொரு திருத்தம்.
முப்பத்தெட்டில் திருத்துவோம்.
மிச்சம் மூன்றும்
மணலியிலிருந்து போன் போட்டுத் திட்டும்.

எங்கள் தெருவில் வாசலுக்கு இரண்டு எண்.
பழைய 14 நாங்கள்.
புதிய 14 தெருமுனை ஜெராக்ஸ் கடை.
‘பழசா புதுசா?’ என்று கொரியர் பையன்
ஒரு தடவைதான் கேட்பான்.
எங்கள் நிரல் பத்து வரிக்கொரு தடவை கேட்கும்:
பழசா, புதுசா, மூட்டையா,
மூட்டையென்றால்
மழையில் நனைந்ததா நனையாததா?

அஸ்மத்துன்னிசா ஒருநாள் டீ கிளாஸை மேசையில் வைத்து,
‘கேக்கறத நிறுத்து’ என்றாள்.
போர்டு வரும்போதே கையில் சீட்டு கொண்டு வரட்டும்.
எந்தக் காலில் விளக்கு, எந்தக் காலில் உணரி,
கடிகாரம் என்ன வேகம்.
நிரல் சீட்டைப் படிக்கும்;
ஆளைப் பார்த்து வழி மாறாது.

ஆறு வாரம் சீட்டு எழுதினோம்.
நாற்பத்தொரு ஃபோல்டர் ஒன்றானது.
பதினோராயிரத்துச் சொச்சம் வரியை அழித்தேன்.
அழிக்க அழிக்கப் பசித்தது எனக்கு.

மூட்டையின் ஃபோல்டரில் மட்டும் ஒரு குறிப்பு:
‘இங்கே முப்பது மில்லிவிநாடி நில். எடுக்காதே. – ச.’

ச. யார்?
சற்குணமா, சரளாவா, சம்பளம் வராமல் போனவர்களில் ஒருவரா?
காரணம் எழுதவில்லை.
ஏசி அறையில் எடுத்துப் பார்த்தேன். ஓடியது.
எடுத்துவிட்டேன்.

இன்று விடிகாலை நாலு மணி, காசிமேடு.
டெல்பினா தராசைத் திருப்பிக் காட்டினாள்.
‘இன்னாமா இது?
தட்டுல ஒண்ணுமே இல்ல, அரை கிலோன்றான்.
வஞ்சிரம் எவ்ளோ விக்குது தெரியுமா?
ஏமாத்துறேன்னு கூடையத் தூக்கி வீசுறாங்க.’

உப்புக்காற்று, ஐஸ் தண்ணீர்.
ஈரத்தில் உணரி மெதுவாகத்தான் கண் திறக்கும்.
திறக்குமுன் கேட்டால் தூக்கத்தில் ஏதோ சொல்லும்.
ச. இங்கே வந்து நின்றிருக்க வேண்டும்,
இதே வழுக்கும் தரையில், இதே நேரத்தில்.

ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து
மூட்டையின் சீட்டில் முப்பதை எழுதினேன்.
இந்த முறை காரணத்தோடும், டெல்பினா பெயரோடும்.
தட்டு பூஜ்யத்துக்கு வந்தது.
அவள் நன்றி சொல்லவில்லை,
அடுத்த கூடையை வைத்தாள்.

மூட்டை ரகத்தில் இன்னும் ஓடுவது இது ஒன்றுதானாம்.
கோதண்டபாணி செய்தி அனுப்பியிருக்கிறார்:
‘புதுசு ஒண்ணு குடுத்துட்டு
மூட்டையத் தூக்கிடலாமா? ஒரு சீட்டு மிச்சம்.’

கேட் மேலே போகிறது.
ரெண்டு பக்கமும் ஒரே சமயத்தில் ஹாரன்.
ஒரு சீட்டுதானே, இருக்கட்டும் என்று தட்டுகிறேன்.
ஆட்டோ தண்டவாளத்தில் தூக்கிப் போட்டதில்
பாதிச் செய்தி போய்விட்டது:

‘ஒரு சீட்டுதானே’