அடகு எண் 417

தடைக்காலம் தொடங்கி மூன்றாம் நாள்
கவுண்டரில் வைத்தாள் தேசம்மா,
காசிமேட்டு ஏலக்காரி,
கிளிஞ்சல் பதித்த சுருட்டுப் பெட்டியை.

மூடியில் ஒரு மயில்.
கண் உதிர்ந்த இடத்தில்
சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு.
ஓரத்தில் ஆணியால் கீறிய பெயர்: தேசம்.
'மா'வுக்கு இடம் போதவில்லை.

உரசிப் பார்த்தேன். வெள்ளி இல்லை.
"வெள்ளின்னு யாரு சொன்னா?
ஆயிரம் எழுது. போன வருசமும் அதான எழுதின."

போன வருடமும் அதேதான்.
முதலாளிக்கு இன்னும் தெரியாது.

உறையில் போடுமுன் காலி செய்யவேண்டும், விதி.
உள்ளே ஒரே ஒரு சுருட்டு.
"கெடக்கட்டும். அத எடுத்துட்டா
வெறும் தகரம்டா அது."

இரும்பு பீரோவில்
தாலிகள், கொலுசுகள், அரைஞாண்கள் நடுவே
கிடந்தது அந்த வாசம்.
வைகாசியில் சங்கிலி மீட்க வந்த ஒருத்தி
முகர்ந்து பார்த்து
என்னை முறைத்தாள்.

படகுகள் போய்த் திரும்பிய மறுவாரம்
செதில் ஒட்டிய நோட்டுகளோடு வந்தாள்.
வட்டியை எண்ணவிடவில்லை.
மயிலின் கண்ணையே பார்த்தாள்.
பழைய பொட்டு உறைக்குள் உதிர்ந்திருந்தது,
புதிது நான் ஒட்டியது,
என் மனைவியின் அட்டையிலிருந்து, கொஞ்சம் பெரிது.

ஒன்றும் சொல்லவில்லை.
வாசலிலேயே பற்றவைத்தாள்.
நெருப்பு முனையை வாய்க்குள் திருப்பிக்கொண்டு
பெட்டியை இடுப்பில் செருகி,
எண்ணூர் போகிற கன்டெய்னர் லாரியை
ஒற்றைக் கையால் நிறுத்தி
சாலையைக் கடந்தாள்.

உறையைக் கிழித்துப் போடவேண்டும்.
இன்னும் மேசையில்தான் இருக்கிறது,
அடியில் கொஞ்சம் தூளோடு.