எட்டு புள்ளி நான்கு

குட்டை இட்லிப்பூ, முழங்காலைத் தாண்டாது என்றார் பீர்முகமது.
சாட்சிக்குத் தன் முழங்காலையே தட்டிக் காட்டினார்.
வருசம் முழுக்கப் பச்சை, வருசம் முழுக்கப் பூ.
அறுபது ரூபாய்.

பள்ளத்தூரில் நாங்கள் குடியிருப்பது
ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில்.
முன்கட்டு பூட்டிக் கிடக்கிறது; சாவி ஈப்போவில்.
செடிக்கு நான் ஒதுக்கியது
பின்சுவரை ஒட்டி இரண்டடி,
துணி காயும் கயிற்றுக்குக் கீழே.

இரண்டாம் மாதம் நுனியில் ஒரு கொத்து.
ஊசிமுனை மொட்டுகள். நாற்பது வரை எண்ணினேன்,
பால்காரர் மணியடித்தார், விட்டுவிட்டேன்.

வெட்சி சூடிப் போனவர்கள்
ஆநிரை கவர்ந்தார்கள் என்று பத்தாம் வகுப்பில் மனப்பாடம்.
எங்கள் சந்தில் எல்லாம் தலைகீழ்.
நிரையெல்லாம் இல்லை, செல்லக்கண்ணுவின் ஒற்றை ஆடு
வெட்சியைக் கவர்ந்துகொண்டு ஓடிற்று.
கரந்தை சூடி மீட்க நான் போகவில்லை.
செருப்பைத்தான் எறிந்தேன். அதுவும் சாக்கடையில்.

கடித்த இடத்தில் இரண்டிரண்டாய்க் கிளைத்தது.
ஆட்டுக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை.

பிறகுதான் மஞ்சள்.
கிழட்டு இலையில் இல்லை, புதுத் தளிரில்.
நரம்பு மட்டும் பச்சை, இடையெல்லாம் வெளிறி.

நான் வேலை பார்ப்பது காரைக்குடியில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்.
வெளிறல் எனக்குத் தெரியும்.
கீழிமையை இழுத்துப் பார்க்கும் முன்பே,
படியேறி வரும் மூச்சிலேயே தெரியும்.
இலைக்கு எந்த விரலில் குத்துவது?
துருப்பிடித்த ஆணி ஒரு கைப்பிடி
வேரோரம் புதைத்துவைத்தேன்.
மஞ்சள் அசையவில்லை.

படம் அனுப்பினேன். பீர்முகமதிடமிருந்து ஒரே கேள்வி:
"சுவரு சுண்ணாம்பா?"

சுண்ணாம்புதான். நூறு வருசச் சுண்ணாம்பு.
வெளியூர்க்காரர்கள் கன்னத்தை வைத்துப் பார்த்து
எப்படி இத்தனை வழவழப்பு என்று கேட்கும் சுவர்.
காரை பெயர்ந்த அடிப்பகுதியிலிருந்து
மழைக்கு மழை கொஞ்சம்
இறங்கியிருக்கிறது வேருக்கு.

"மண்ணுல இரும்பு நெறயக் கெடக்கும்மா.
அந்தச் செவப்பே இரும்புதான்.
சுண்ணாம்பு எடுக்க விடாது."

பெயர்த்துக் கிணற்றடிக்கு அப்பால் வைத்தேன்.
சரளைச் செம்மண், இலைமக்கு,
வாரம் ஒருநாள் புளித்த மோர்த் தண்ணீர்.
பெயர்த்த அதிர்ச்சியில் பாதி இலை உதிர்ந்தது.
கணவர் பார்த்துவிட்டு, "குச்சி நல்லா இருக்கு" என்றார்.

அந்த வாரம் ஒரு மதியம் கூடத்தில் ஆளில்லை.
சும்மா என் விரலிலேயே குத்திக்கொண்டேன்.
எட்டு புள்ளி நான்கு.
பதிவேட்டில் பெயர் எழுதும் கட்டத்தில்
பேனா நின்றது.

டாக்டர் மெய்யம்மை தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.
"யாருக்கு?"
என் முகம் சொல்லியிருக்கும்.
"மாத்திரை?"
"மூணு மாசமா விடாம."
"எதோட?"

டீயோடு. காலையில் பஸ்ஸுக்கு முன்,
ஒரே மடக்கில், நின்றபடி,
தினம் ஒரு நிமிசம் மிச்சம்.

அவர் திட்டவில்லை. என் தம்ளரை எடுத்து
மேசையின் அந்தக் கோடிக்கு நகர்த்தினார்.
"உள்ள போறது வீண்போகலை, ஆனா
டீ எடுக்க விடாது."

ஊர் திரும்பும் பஸ் முழுக்க
பீர்முகமதின் குரலில் அதையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

இப்போது மாத்திரைக்கு நெல்லிச்சாறு, செடிக்கு மோர்.
இரண்டு பேருக்கும் புளிப்பு.
யாருக்கு முதலில் தேறும் என்று
கணவரும் மகளும் பத்து ரூபாய் பந்தயம்.
இருவரும் செடிமேலேயே கட்டியிருக்கிறார்கள்.

ஆவணி பிறந்து ஒன்பது நாள்.
நுனியில் புதிதாய் ஒரு ஜோடி இலை.
பச்சை என்று சொல்லத் துணிவில்லை,
மஞ்சள் என்றால் பொய்.
என் அடுத்த பரிசோதனை இருபதாம் தேதி.

சந்து முனையில் செல்லக்கண்ணுவின் ஆடு
இரண்டு நாளாய் நின்று
இந்தப் பக்கமே பார்க்கிறது.