இரண்டு படி மங்கல்

நாரினில் ஏழு மணிக்கு மின்சாரம் போய்விடும்.
அதற்குள் மூன்று மடிக்கணினிகளுக்கும்
வயிறு நிறைய ஊட்டிவிட்டேன்.
ஒரே உடல், ஒரே வயது பேட்டரி.
குடியிருப்பவர்கள்தான் வேறு.

விண்டோஸ்:
பள்ளியின் கிழட்டுப் பிரிண்டர்
இதன் பேச்சை மட்டும் கேட்கும்.
குரோம் ஓஎஸ்: சமர்த்து,
பனிக்காற்றில் இணையம் அறும்வரை.
உபுண்டு: கணக்கர் தெமிர்பெக்கின்
சம்பளப் பட்டியலைத் திறந்தால்
கட்டங்கள் சரிந்து கொட்டும்.

பூட்டு மூன்றிலும் உண்டு.
கடவுச்சொல்லைக் கீபோர்டின் அடியில்
ஒட்டிவைக்கிறாரே தெமிர்பெக்,
அதை எந்தக் கணக்கில் எழுத?

மூன்று திரையிலும் ஒரே படம்:
குதிரைகள், பனி, மறுபடி குதிரைகள்.
நள்ளிரவுக்குப் பின்
உபுண்டுவில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.
பதினோரு வருடமாக என் கைக்குப் பழகியது அது.
‘முதலிடம்’ என்று
கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன்.

தண்ணீர் குடிக்க எழுந்தபோது பார்த்தேன்:
அதன் வெளிச்சக் கோடு
இரண்டு படி கீழே இருந்தது.

குறைத்தது என் விரல்தான்.
எப்போது என்றுதான் தெரியவில்லை.

வீட்டில் யாருமில்லை.
நாய்கூடக் குரைக்கவில்லை.

தாளைக் கிழிக்கவில்லை.
குறுக்கே கோடிட்டு,
காரணத்தைப் பக்கத்தில் எழுதினேன்,
சின்ன எழுத்தில்.

ஆறு மணிக்கு மின்சாரம் வரும்.
மூன்று சார்ஜரையும்
இப்போதே சொருகிவிட்டு
கம்பளிக்கோட்டோடு உட்கார்ந்திருக்கிறேன்.